பன்றி முடியும் பேட்ஜர் முடியும் கலந்த ஷேவிங் பிரஷ்: முதல் ஏழு சவரங்கள்

வேளச்சேரிவாசி

பத்து ஆண்டுகளுக்கும் மேலாகச் செயற்கை இழை பிரஷ்ஷையே பயன்படுத்தி வந்த நான், சென்ற மாதம் பன்றி முடியும், பேட்ஜர் என்ற வளை தோண்டி வாழும் விலங்கின் முடியும் கலந்து கட்டிய ஷேவிங் பிரஷ் ஒன்றை வரவழைத்தேன். இன்றோடு ஏழு முறை அதைக் கொண்டு சவரம் செய்துவிட்டேன். ஏழு நாளில் ஒரு பிரஷ்ஷைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது முறையல்ல என்று இந்த இணைய மன்றத்தில் பலர் எழுதிப் படித்திருக்கிறேன் என்பதால், இதை விமர்சனமாகக் கொள்ளாமல் முதல் அனுபவமாக மட்டும் படிக்க வேண்டுகிறேன். ஐரோப்பியத் தயாரிப்பு என்பதற்கு மேல் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் எவை பிரஷ்ஷுடையவை, எவை என் கையுடையவை என்பது எனக்கே இன்னும் விளங்கவில்லை.

பிரஷ் சிறியதுதான். முடிக்கட்டு கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் விட்டம் 24 மி.மீ., அங்கிருந்து நுனி வரை உயரம் 52 மி.மீ. பெட்டியைத் திறந்ததும் நாற்றம்தான் முதலில் எழுந்து வந்தது. மழையில் நனைந்த ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு அது எப்படியிருக்கும் என்று புரியும். தலைக்குத் தேய்க்கும் ஷாம்பு போட்டு இரண்டு முறை அலசி, சோப்பு நுரையை ஏற்றி ஓர் இரவு அப்படியே விட்டு, மறுநாள் கழுவிய பிறகு அது பாதியாகக் குறைந்தது. மூன்றாம் சவரத்துக்குப் பின் மூக்கருகே கொண்டுபோனால்தான் எனக்குத் தெரிந்தது. என் மனைவியின் மூக்கு ஐந்தாம் நாள் வரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

முதல் நாள் ஏமாற்றமாகவே முடிந்தது. செயற்கை பிரஷ்ஷை நனைத்து உதறிவிட்டு உடனே சோப்பில் சுழற்றும் பழக்கத்தில் இதையும் அப்படியே செய்தேன். கிண்ணத்தில் நுரை கண்ணுக்கு நிறைவாகத்தான் எழுந்தது. ஆனால் முதல் முறை மழித்து முடித்து, மறுமுறை பூசுவதற்குப் பிரஷ்ஷை எடுத்தபோது நுரையைக் காணவில்லை. பிழிந்து பார்த்தால் அடியில் நீர்த்த சோப்புத் தண்ணீர் கொஞ்சம் வந்தது, அவ்வளவுதான்.

முகத்தில் படும் உணர்வைச் சொல்வது கடினமாக இருக்கிறது. கன்னத்தில் வட்டமாகச் சுழற்றும்போது மென்மையான நுனிகள் வருடுவதும், அவற்றுக்கு நடுவே விறைப்பான சில முடிகள் குத்துவதும் தனித்தனியாகத் தெரிகின்றன. மோவாயில், முடி அடர்ந்த இடத்தில், அந்த விறைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. படுத்துக் கிடக்கும் தாடி முடியை அது நன்றாக நிமிர்த்துகிறது. கழுத்தில் பிடிக்கவில்லை. இதுவரை பதினோரு முடிகள் உதிர்ந்திருக்கின்றன. இரண்டு வகை முடியின் நன்மையும் ஒரே பிரஷ்ஷில் கிடைக்கும் என்று நம்பி வாங்கிய எனக்கு, இரண்டின் தொல்லையும் சேர்ந்து வந்துவிட்டதோ என்ற ஐயம் எழுந்திருக்கிறது. இதைப் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

சிறுவாணி நுரை

நண்பரே, முதல் நாள் நுரை காணாமல் போனதற்குக் காரணம் ஊறவைக்காததுதான் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்வேன். பன்றி முடி தண்ணீரைத் தனக்குள்ளேயே உறிஞ்சிக்கொள்ளும். பேட்ஜர் முடி தண்ணீரை முடிகளுக்கு இடையே தேக்கி வைத்திருக்கும். நீங்கள் அவசரமாக நனைத்ததால் பன்றி முடிகள் தாகம் தீராமலேயே வேலையைத் தொடங்கியிருக்கின்றன. நுரையில் இருந்த ஈரத்தைச் சவரத்தின் நடுவே அவை குடித்துவிட்டன. உங்களுக்குக் கண்ணுக்கு நிறைவாகத் தெரிந்த நுரை, உட்பக்கம் காய்ந்துகொண்டே வந்திருக்கும்.

நான்கைந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில், முடி மட்டும் மூழ்கும் அளவுக்கு நிறுத்தி வையுங்கள். குளிக்கப் போகும் முன் வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது ஆயத்தமாக இருக்கும். கொதிக்கும் நீர் கூடாது. அடியில் முடிகளைப் பிடித்திருக்கும் பசைக்கு அது நல்லதல்ல; பேட்ஜர் முடியின் நுனியும் சுருண்டு கெட்டுவிடும். ஊறிய பின் ஓங்கி உதறாமல், இரண்டு முறை மெல்ல உதறினால் போதும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். வேளச்சேரியில் உங்கள் வீட்டுக் குழாயில் வருவது எந்தத் தண்ணீர்?

சலூன் வீட்டுப் பிள்ளை

என் தந்தையார் முப்பத்தைந்து ஆண்டுகள் தேனிப் பக்கம் சலூன் வைத்திருந்தார். அவரிடம் இருந்தவை எல்லாம் பன்றி முடி பிரஷ்கள். புதிய பிரஷ்ஷை வாங்கினால் உடனே வாடிக்கையாளர் முகத்தில் வைக்க மாட்டார். ஒரு மாதம் தன் முகத்திலும், சில நாள் சும்மா உள்ளங்கையிலும் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பழக்கிய பிறகே கடைக்குக் கொண்டுபோவார். பன்றி முடியின் நுனி தேயத் தேய இரண்டாக, மூன்றாகப் பிளந்துகொள்ளும். அந்தப் பிளவு வந்த பிறகுதான் அது மென்மையாகும், நுரையும் பிடித்து நிற்கும். ஏழு சவரம் என்பது அதற்கு ஒன்றுமே இல்லை.

ஆனால் கலப்பு முடி என்பதில் எனக்கு மதிப்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேட்ஜர் விலை அதிகம், பன்றி முடி விலை குறைவு; இரண்டையும் கலந்து நடுத்தர விலைக்கு விற்பது வணிகரின் வசதி. பாலில் மோரைக் கலந்து இரண்டின் சுவையும் இதில் உண்டு என்று சொல்வதைப் போல இருக்கிறது. பன்றி முடி வேண்டுமென்றால் முழுப் பன்றி முடி பிரஷ்ஷை வாங்கிப் பொறுமையாகப் பழக்குங்கள். அது குறைந்த விலையில் கிடைக்கும், நெடுநாள் உழைக்கும்.

ஐயன்குளத்தான்

உங்கள் பிரஷ்ஷில் பேட்ஜர் முடி உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டீர்களா? பன்றி முடிக்கு நடுவில் கறுப்புப் பட்டை வருமாறு சாயம் ஏற்றிப் பேட்ஜர் போலத் தோன்றச் செய்வது இந்தத் தொழிலில் வெகு நாளாக உள்ள வழக்கம். அப்படிச் செய்ததை வெளிப்படையாகச் சொல்லி விற்கும் நல்ல நிறுவனங்களும் உண்டு என்பதால், சாயம் என்றாலே மோசடி என்று சொல்ல மாட்டேன். நீங்கள் கொடுத்த விலை எதற்கு என்று தெரிந்துகொள்வது நல்லது.

உதிர்ந்த முடிகளை வைத்திருந்தால் உருப்பெருக்கியில் பாருங்கள். பேட்ஜர் முடியின் அடி வெளிறியும், நடு கறுத்தும், நுனி மீண்டும் வெளுத்தும் இருக்கும். நுனிக்குப் போகப்போக ஊசி போல மெலிந்துகொண்டே போகும். பன்றி முடி அடியில் தடித்து, நுனியில் கிளை பிரிந்திருக்கும். ஈரப் பிரஷ்ஷை வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள்.

வேளச்சேரிவாசி

அனைவருக்கும் நன்றி. ஐயன்குளத்தான் சொன்னதை நேற்று இரவே செய்து பார்த்தேன். உதிர்ந்த முடிகளை ஒரு தாளில் ஒட்டி வைத்திருந்தேன் (இதைப் பார்த்து என் மகள் என்னைப் பற்றி என்ன நினைத்தாள் என்பது வேறு கதை). அஞ்சல்தலை பார்க்கும் கண்ணாடியால் பார்த்ததில், பதினொன்றில் எட்டு முடிகள் தடிப்பாகவும் நுனி பிளந்தும் இருந்தன. மூன்று முடிகள் நடுவில் கறுப்புப் பட்டையோடு, நுனி மெலிந்து, கையில் எடுத்தால் பட்டு நூல் போல வளைந்தன. துணியில் சாயம் ஒட்டவில்லை. ஆகவே பேட்ஜர் இருக்கிறது. உதிர்ந்தவற்றின் கணக்கை வைத்துப் பிரஷ்ஷில் உள்ள விகிதத்தைச் சொல்ல முடியாது என்றாலும், பெரும்பங்கு பன்றி முடிதான் என்று கையில் படும் விறைப்பும் சொல்கிறது. விற்பவரின் பக்கத்தில் விகிதம் எழுதப்படவில்லை. வாங்கும் முன் கேட்டிருக்க வேண்டும்.

ஊறவைத்ததில் வேறுபாடு உடனே தெரிந்தது. ஐந்து நிமிடம் ஊறியதும் முடிக்கட்டு சற்றே விரிந்து, குத்தல் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. சமையலறைத் தராசில் எடை பார்த்தேன். நனைத்து உடனே உதறியபோது இருந்ததைவிட, ஊறவைத்து அதே போல உதறியபோது நான்கு கிராம் கூடுதல். அந்த நான்கு கிராம் தண்ணீரைத்தான் முதல் நாள் என் நுரையிலிருந்து அது வசூலித்திருக்கிறது போலும். இப்போது இரண்டாம் பூச்சு வரை நுரை நிற்கிறது. மூன்றாம் பூச்சுக்கு இன்னும் போதவில்லை.

தண்ணீர் போர் தண்ணீர்தான், சிறுவாணி நுரை அவர்களே. குழாய் மூடியில் வெள்ளையாகப் படியும் அளவுக்கு உப்பு.

காயல் காற்று

ஒரு வேண்டுகோள். பன்றி முடி கலந்த பிரஷ் எங்கள் வீட்டுக்குள் வராது. இணையக் கடைகளில் பலரும் 'இயற்கை முடி' என்று மட்டும் எழுதிவிட்டு எந்த விலங்கின் முடி என்பதைச் சொல்லாமல் விடுவதால், வாங்கிய பின் திருப்பி அனுப்பிய அனுபவம் எனக்கு இரண்டு முறை உண்டு. பிரஷ்ஷைப் பற்றி எழுதும்போது இந்த உரையாடலில் செய்திருப்பதைப் போல விலங்கின் பெயரைத் தலைப்பிலேயே போடுங்கள்.

நான் பயன்படுத்துவதும் ஒரு வகையில் கலப்பு முடிதான்: குதிரையின் பிடரி முடியும் வால் முடியும் கலந்தது. பிடரி முடி மென்மையானது, வால் முடி விறைப்பானது. ஸ்பெயின் நாட்டு வியே-லாங் நிறுவனம் இவ்விரண்டின் விகிதத்தை நூற்றுக்கு இத்தனை என்று குறிப்பிட்டே விற்கிறது. குதிரையைக் கொல்லாமல் கத்தரித்து எடுக்கக்கூடிய முடி என்பது எனக்குக் கூடுதல் நிறைவு. என் முதல் அனுபவமும் வேளச்சேரிவாசியின் அனுபவத்தைப் போலவே நாற்றத்தில்தான் தொடங்கியது. ஆனால் குதிரை முடி பன்றி முடியைப் போல அதிக நேரம் ஊற வேண்டியதில்லை. ஒரு நிமிடம் போதும். குத்துவதைக் காட்டிலும் சற்றே அரிக்கும் உணர்வுதான் முதல் பத்து நாளில் இருந்தது, பிறகு அடங்கிவிட்டது. பால் மோர் உவமையைச் சொன்ன சலூன் வீட்டுப் பிள்ளை அவர்களுக்கு: விறைப்பும் மென்மையும் கலந்து கிடைப்பதே இதில் சுவை. முழுக்க வால் முடியால் கட்டியதை ஒருமுறை முகத்தில் வைத்துப் பார்த்தேன். துடைப்பம்!

மறுகரை

நாற்றத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதைச் சொல்லத் தோன்றுகிறது. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். முதல் உலகப் போர்க் காலத்தில், வழக்கமான வணிக வழிகள் அடைபட்டு, சரியாகக் கிருமிநீக்கம் செய்யப்படாத குதிரை முடி சந்தைக்கு வந்தது. அதைப் பேட்ஜர் முடியின் போலியாகக் கட்டி மலிவாக விற்ற பிரஷ்களால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் படைவீரர்கள் பலருக்கு முகத்திலும் கழுத்திலும் ஆந்த்ராக்ஸ் புண்கள் வந்தன. நம் ஊரில் மாட்டுக்கு வரும் அடைப்பான் என்கிறோமே, அதே நோய்தான். 1920ஆம் ஆண்டில் பிரிட்டன் ஜப்பானிலிருந்து ஷேவிங் பிரஷ் இறக்குமதி செய்வதையே தடை செய்தது. மழிக்கும்போது தோலில் விழும் நுண்ணிய கீறல்கள் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டன.

இன்று முறையாகத் தயாரிக்கப்படும் பிரஷ்களில் முடி கிருமிநீக்கம் செய்யப்பட்டே வருகிறது. நீங்கள் முகர்ந்த நாற்றம் விலங்கு முடியின் இயல்பான நாற்றமே, அஞ்ச வேண்டியதில்லை. அடைப்பான் கிருமியின் வித்துகள் ஷாம்புக்கு அசையாதவை என்பதால், பழைய பொருள் கடைகளில் அழகான கைப்பிடியோடு கிடைக்கும் நூறு ஆண்டுப் பிரஷ்களை மட்டும் கழுவிவிட்டேன் என்ற துணிவில் முகத்தில் வைக்காதீர்கள். கைப்பிடியை வைத்துக்கொண்டு முடியைப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கலாம். அதையும் நான் செய்ய மாட்டேன்.

சிறுவாணி நுரை

போர் தண்ணீர் என்று தெரிந்ததும் மீதிக் காரணமும் கிடைத்துவிட்டது. தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து கரையாத அழுக்குப் படிவாகிவிடும். நீங்கள் எடுக்கும் சோப்பில் ஒரு பகுதி நுரையாவதற்கு முன்பே இப்படிச் செத்துவிடுகிறது. செயற்கை இழை வழவழப்பானது, எடுத்த சோப்பை எல்லாம் வெளியே தள்ளிவிடும். அதனால் இத்தனை ஆண்டுகள் உங்களுக்கு இது தெரியாமல் போயிருக்கும். இயற்கை முடி தனக்கென்று ஒரு பங்கை உள்ளே வைத்துக்கொள்ளும் என்பதால் பற்றாக்குறை வெளிப்பட்டுவிட்டது.

நான் கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீரில் சவரம் செய்கிறவன். இங்கே ஒரு சுழற்றுக்கு எழும் நுரைக்கு, சென்னையில் தங்கை வீட்டுக்குப் போனால் மூன்று சுழற்று வேண்டியிருக்கிறது. என் பேச்சை நம்பாமல், குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீரில் ஒருநாள் செய்து பாருங்கள். ஒரு டம்ளர் போதும்.

வேளச்சேரிவாசி

செய்து பார்த்தேன். சென்ற எட்டு நாளில் ஒரு நாள் போர் தண்ணீர், மறுநாள் ஆர்.ஓ. தண்ணீர் என்று மாற்றி மாற்றி, அதே சோப்பு, அதே ஐந்து நிமிட ஊறல், சோப்பின் மேல் அதே நாற்பது சுழற்று. ஆர்.ஓ. தண்ணீர் நாள்களில் மூன்றாம் பூச்சுக்குப் பின்னும் பிரஷ்ஷில் நுரை மிஞ்சியது. பிழிந்தால் தயிர் போலக் கட்டியாக விழுந்தது. போர் தண்ணீர் நாள்களில் சுழற்றை எழுபதாகக் கூட்டினால் மட்டுமே அதற்கு அருகில் வந்தது. அப்போதும் நுரையில் பளபளப்பு இல்லை, கத்தி வழுக்கிக்கொண்டு போகவில்லை.

ஆகவே என் முதல் பதிவில் பிரஷ்ஷின் மேல் சுமத்திய பழியில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். நுரை குறைந்ததற்கு ஊறல் ஒரு காரணம், தண்ணீர் ஒரு காரணம். குத்தல் மட்டும் பிரஷ்ஷுடையது. அதுவும் ஒரே நிலையில் இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு. பதினைந்து சவரம் ஆன நிலையில், முன்பு தனித்தனியாகத் தெரிந்த வருடலும் குத்தலும் இப்போது கலங்கித் தெரிகின்றன. பேட்ஜர் முடி முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. பன்றி முடிதான் நுனி பிளந்து அதை நோக்கி நகர்ந்து வருகிறது. பால் மோர் உவமைக்கு இங்கேதான் நான் மாறுபடுகிறேன். பாலும் மோரும் கலந்த கணத்தில் அதன் கதை முடிந்துவிடும். இந்தக் கலப்பு வாங்கிய நாளில் முடிந்துபோன கலப்பாகத் தெரியவில்லை. முழுப் பன்றி முடி பிரஷ்ஷாக இருந்திருந்தால் முதல் வாரத்தில் கழுத்துப் பக்கம் கொண்டுபோயிருக்கவே மாட்டேன். அந்த வாரத்தைக் கடத்திக் கொடுத்தது பேட்ஜர்.

சலூன் வீட்டுப் பிள்ளை

கடத்திக் கொடுத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் தனக்கு மட்டும் மழித்துக்கொள்பவருக்கு அது பயன்படும். நாளைக்கு முப்பது முகம் பார்க்கும் கடைக்காரருக்குப் பழக்குவதும் தொழிலின் ஒரு பகுதி. நான் கடைக் கணக்கில் பேசிவிட்டேன்.

ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. தேய்மானத்தில் பன்றி முடி மென்மையாகும், பேட்ஜர் முடி மெலியும். மூன்று ஆண்டு கழித்து அந்தப் பேட்ஜர் முடியில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? அதற்குள் அது வெறும் பன்றி முடி பிரஷ்ஷாகவே மாறியிருந்தால், நடுத்தர விலை கொடுத்து முதல் ஆறு மாதத்தின் வசதியை மட்டும் வாங்கியிருக்கிறீர்கள். அது தவறு என்று சொல்லவில்லை. தெரிந்து வாங்க வேண்டும்.

புதுக்கத்தி

எனக்கு வயது இருபத்திரண்டு. பிரஷ் பிடித்தே பழக்கமில்லை. இதுவரை டப்பாவிலிருந்து பீய்ச்சும் நுரைதான். கழுத்தில் சிவந்து தடிக்கும் தோல். அண்ணன்மார்கள் பேசுவதைப் படித்தபின் கலப்பு முடி பிரஷ்ஷையே முதல் பிரஷ்ஷாக வாங்கலாம் என்று நினைக்கிறேன். சரியா?

சிறுவாணி நுரை

தம்பி, வேண்டாம். முதலில் மென்மையான செயற்கை இழை பிரஷ் ஒன்றை வாங்கி, சோப்புக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை சுழற்று என்பதைக் கை பழகிக்கொள்ளட்டும். அதற்கு ஊறல் வேண்டாம், நாற்றமில்லை, உதிர்வதும் அரிது. அதில் நுரை வரவில்லையென்றால் தவறு உங்கள் கையிலோ தண்ணீரிலோதான் என்று உறுதியாகத் தெரியும். கலப்பு முடியில் தொடங்கினால் வேளச்சேரிவாசி இரண்டு வாரம் பட்ட குழப்பத்தை நீங்கள் இரண்டு மாதம் படுவீர்கள். கழுத்துத் தடிப்புக்குப் பிரஷ்ஷைவிட, முடி வளரும் திசையை விரலால் தடவிப் பார்த்து அந்தத் திசையிலேயே மழிப்பதுதான் முதல் மருந்து. எதிர்த் திசையில் இழுப்பதைச் சில வாரம் நிறுத்தி வையுங்கள்.

வேளச்சேரிவாசி

இருபத்து நான்காம் சவரம் இன்று. கடைசி ஆறு நாளில் ஒரு முடியும் உதிரவில்லை. போர் தண்ணீரில் கழுவும் நாள்களில் முடியின் அடிப்பகுதியில் வெண்மையாகப் படிந்ததை, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வினிகர் கலந்து சில நிமிடம் ஊறவைத்து அலசியதில் நீக்க முடிந்தது. இதை மாதத்துக்கு ஒருமுறை செய்வதாக இருக்கிறேன். நுரையைக் கிண்ணத்தில் கட்டுவதை விட்டுவிட்டு முகத்திலேயே கட்டத் தொடங்கியிருக்கிறேன். கழுத்தில் மட்டும் சுழற்றாமல், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் போல மேலும் கீழுமாகத் தடவினால் குத்தல் தெரிவதில்லை.

சலூன் வீட்டுப் பிள்ளை அவர்களின் கேள்விக்கு இன்று என்னிடம் பதில் இல்லை. உதிர்ந்த முடி ஒட்டிய தாளைத் தூக்கி எறியாமல் தேதி போட்டு வைத்திருக்கிறேன், அடுத்த ஆண்டு இதே கண்ணாடியில் நுனிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். காய வைப்பதில்தான் சிக்கல் நீடிக்கிறது. குளியலறையில் வைத்தால் மறுநாள் காலையிலும் முடிக்கட்டின் நடுப்பகுதி ஈரமாகவே இருக்கிறது. பால்கனிக் கொடியில் கவிழ்த்துத் தொங்கவிட்டால் மாலைக்குள் காய்ந்துவிடுகிறது, ஆனால் அங்கே ஒரு காக்கை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. காற்றோட்டமான வேறு இடம் யாராவது கண்டுபிடித்திருந்தால் எழுதுங்கள்.